எங்கே நிகழ்ந்ததோ அங்கே தேடுக
(பழைய பிறப்பு, மண, இறப்புப் பதிவுகளைக் காணும் முறை)

புதுச்சேரியினின்று வடக்கே மரக்காணம் நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில் முத்தியால்பேட்டையைக் கடந்தால் கோட்டக்குப்பம் வரும். அதனோடு ஒட்டிய ஊர் பெரிய முதலியார்சாவடி. முத்தியால்பேட்டை புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டது; முதலியார்சாவடி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. மேலும் வடக்கே சென்றால் காலாப்பட்டு மீண்டும் புதுச்சேரியின் பகுதி. அதற்கப்பால் மறுபடியும் தமிழ்நாடு. ஒரு நாளில் நடந்து கடக்கக்கூடிய தொலைவுக்குள் எல்லை இத்தனை முறை மாறுகின்றது. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை இவ்வெல்லைக்குத் தெற்கே பிரெஞ்சு ஆட்சியும், வடக்கே 1947 வரை ஆங்கிலேயர் ஆட்சியும் அதன் பின் சுதந்தர இந்தியாவின் ஆட்சியும் நடைபெற்றன.

பெண் கொடுப்பதற்கும் கொள்வதற்கும் மக்கள் இந்த எல்லையைப் பார்த்ததில்லை. ஆனால் குழந்தை பிறந்ததையும் பெரியவர் இறந்ததையும் எழுதி வைத்த கணக்குப்பிள்ளைகள் எல்லையைப் பார்த்தே எழுதினார்கள். ஆகவே ஒரே குடும்பத்தின் வரலாறு இருவேறு அரசாங்கங்களின் ஏடுகளில், இருவேறு மொழிகளில், சிதறிக் கிடக்கின்றது. அதைத் தேடி எடுக்கும் முறையைக் கிராம மக்கள் அறிந்துகொள்ளுதல் நலம் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

ஒரு குடும்பத்தின் தேவை

இவ்வூர் மூதாட்டி ஒருவரின் குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடத்தை நடத்துவோம். அவர் பெயர் நமக்கு வேண்டா. அவருடைய தந்தையார் உப்பளக் கூலி வேலை செய்து சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஊரில் ஒரு மனை வாங்கினார். கடற்கரைச் சாலை அகலமாகி மனைகளின் மதிப்பு ஏறிய பிறகு, அதுவரை எழாத கேள்வி எழுந்தது. மனை மகனுக்கு மட்டும் உரியதா, மகளுக்கும் அதில் பங்குண்டா என்பதே அக்கேள்வி.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்குப் பின் ஒருவர் உயில் எழுதாமல் இறந்திருப்பின், அவர் தாமே ஈட்டிய சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பங்குண்டு. அதற்கு முன் இறந்திருப்பின் வழக்கு வேறு வகையாகும். மூதாட்டியின் தம்பி மகன், “பாட்டனார் 1955லேயே காலமாகிவிட்டார் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்” என்றார். மூதாட்டியோ, “அப்பா போனபோது எனக்குப் பதினாலு வயது. சீனச் சண்டை நடந்ததற்கு மறு வருஷம்” என்றார். இருவரும் பொய் சொல்பவர் அல்லர். இருவர் கையிலும் ஏடு இல்லை, அவ்வளவே.

எனவே அவர் மூன்று செய்திகளை மெய்ப்பிக்க வேண்டியவரானார். தாம் இன்னார் மகள் என்பதற்குப் பிறப்புப் பதிவு வேண்டும். தந்தை பெயருக்குப் பதிலாகக் கணவர் பெயர் தம்முடைய அட்டைகளில் ஏறியது எவ்வாறு என்பதற்கு மணச் சான்று வேண்டும். தந்தையார் இறந்த நாள் எது என்பதற்கு இறப்புப் பதிவு வேண்டும். இம்மூன்றும் ஒரு சங்கிலியின் கண்ணிகள். ஒன்று விடுபட்டாலும் சங்கிலி அறுந்துபோகும்.

முதற் பிழை

இத்தகைய தேவை வந்தவுடன் நம் மக்கள் பெரும்பாலும் தாங்கள் இப்போது குடியிருக்கும் ஊரின் அலுவலகத்திற்கே செல்கின்றனர். இக்குடும்பத்தாரும் அவ்வாறே செய்தனர். அங்கே தேடிப் பார்த்துப் “பதிவில்லை” என்று எழுதிக் கொடுத்தார்கள். உடனே, புதிதாகப் பதிவு செய்துகொள்ள உத்தரவு வாங்கித் தருவதாக ஒருவர் முன்வந்து, அதற்கு ஒரு தொகையும் கேட்டார். குடும்பத்தார் ஏறக்குறைய இசைந்தேவிட்டனர்.

இங்கேதான் நாம் முதற் பாடத்தை நினைவிற்கொள்ள வேண்டும். பிறப்பும் இறப்பும் அவை நிகழ்ந்த இடத்திற்குரிய ஏட்டிலேயே எழுதப்படுகின்றன. குடும்பம் குடியிருக்கும் ஊரின் ஏட்டில் அல்ல. இது பழைய சட்டத்திலும் இருந்த விதி. இன்று நாடு முழுவதற்கும் பொதுவாக உள்ள 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்திலும் உள்ள விதி. ஆகவே ஓர் ஊரில் பதிவில்லை என்ற விடை, அந்த நிகழ்ச்சி அவ்வூரில் நடக்கவில்லை என்பதைக் குறிக்கலாமேயன்றி, எங்குமே எழுதப்படவில்லை என்பதைக் குறிக்காது. வேறோர் ஊர் ஏட்டில் பதிவு இருக்க, இங்கே புதிய பதிவொன்றை உண்டாக்கினால் ஒரு சாவுக்கு இரண்டு பதிவுகள் ஆகிவிடும். பின்னாளில் அவ்விரண்டும் ஒன்றையொன்று அழிக்கும்.

தேடப் புறப்படுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காணுதல் வேண்டும். நிகழ்ச்சி எங்கே நடந்தது? எந்த ஆண்டில் நடந்தது? அக்காலத்தில் அவ்விடத்தில் எழுதும் பொறுப்பு யாருடையது? இம்மூன்றையும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தே பெரும்பாலும் கண்டுவிடலாம்.

இடத்தைக் காணல்

நம் நாட்டில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது வழக்கம். எனவே குடும்பத்தின் மூத்த பிள்ளையின் பிறப்பைத் தந்தையின் ஊரில் தேடுவதைவிடத் தாயின் பிறந்தகத்தில் தேடுவதே முறை. நம் மூதாட்டி தலைப்பிள்ளை. அவருடைய தாயாரின் பிறந்தகம் முத்தியால்பேட்டை. அஃதாவது, அவர் பிறந்தது பிரெஞ்சு ஆட்சியில்!

தந்தையாரின் இறப்புக்கும் இவ்வாறே இடம் காண வேண்டும். மரக்காணத்து உப்பளங்களில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பாத்தி கட்டி, வெயிலேற ஏற உப்பு வாரும் மாதங்களில் தொழிலாளர் பலர் அங்கேயே குடிசை போட்டுத் தங்கிவிடுவர். “அப்பாவை வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள்” என்று மூதாட்டி சொன்னார். வண்டியில் கொண்டுவந்தார்கள் எனின் இறந்தது வேறிடம் என்பது பொருள். சுடுகாடு இவ்வூரில் இருக்கலாம். பதிவு மரக்காணத்தில்தான் இருக்க வேண்டும்.

இக்காலத்திலும் இந்நுணுக்கம் பொருந்தும். விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரைக் கிராமங்களின் குழந்தைகள் பல, கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையில் பிறக்கின்றன. அப்பதிவுகள் புதுச்சேரியின் உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டுக் கிராம அலுவலகத்தில் அவற்றைத் தேடிப் பயனில்லை.

ஆண்டைக் காணல்

முதியோர் பலருக்கு ஆங்கில ஆண்டு தெரியாது; தமிழாண்டின் பெயர் தெரியும். நம் மூதாட்டியின் தாயார், “நீ விரோதி வருஷம், ஆடி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் பிறந்தாய்” என்று சொல்லியிருந்தார். அறுபதாண்டுச் சுற்றில் விரோதி என்பது 1889லும் 1949லும் 2009லும் தொடங்கிய ஆண்டாகும். இவர் வயதுக்கு 1949 பொருந்தும். அவ்வாண்டின் ஆடி அமாவாசை ஜூலை மாத இறுதி வாரத்தில் வந்தது. ஆகவே தேட வேண்டியது ஒரே ஒரு வாரம். தேடுவதற்கான கட்டணம் ஆண்டுக் கணக்கில் வாங்கப்படுவதால், இவ்வாறு காலத்தைக் குறுக்கிக்கொள்வது பணத்தையும் மிச்சப்படுத்தும். ஏட்டைப் புரட்டும் அலுவலரின் பொறுமையையும் காக்கும்.

சாதகக் குறிப்பு உள்ளவர்கள் அதைக் கொண்டுபோகலாம். இல்லாதவர்கள் ஊரறிந்த நிகழ்ச்சிகளைத் துணைக்கொள்ளலாம். சீனப் போர் நடந்தது 1962ஆம் ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில். அதற்கு மறு ஆண்டு உப்பு வாரும் காலமெனின், 1963ஆம் ஆண்டின் முற்பாதி முதல் மழைக்கு முன் வரையுள்ள மாதங்கள் என்று கொள்ளலாம். புயல், பஞ்சம், தேர்தல், கோயிற் குடமுழுக்கு முதலியன எல்லாம் இவ்வாறு உதவும் மைல்கற்களே.

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த நாளை மட்டும் முழுதும் நம்பிவிடக் கூடாது. அக்காலத்தில் வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுசென்று இடக்காதைத் தொடச் சொல்லி, தொட்ட பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பியது என்று கொண்டு, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் ஒரு தேதியைத் தலைமையாசிரியரே எழுதிவிடுவது உண்டு. நம் பெரியவர்களில் மிகப் பலர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்களாகக் காணப்படுவதன் காரணம் இதுவே!

புதுவை ஏடுகள்

இனி, யார் எழுதினார்கள் என்னும் கேள்விக்கு வருவோம். முதலில் எல்லைக்குத் தெற்கே பார்ப்போம்.

புதுச்சேரியில் மாதா கோயில் ஏடுகளில் எழுதப்பட்ட ஞானஸ்நானம், மணம், அடக்கம் ஆகியவற்றின் குறிப்புகள் 1676ஆம் ஆண்டிலிருந்தே கிடைக்கின்றன. புதுவை ஆளுநராய் இருந்த ஆல்ஃப்ரெட் மர்த்தினோ அவற்றின் சுருக்கத்தைத் தொகுத்து நூலாக வெளிவரச் செய்தார். அவற்றில் பெரும்பாலும் ஐரோப்பியரும் கிறிஸ்தவருமே இடம் பெறுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் ஏனைய இந்திய மக்களின் பிறப்பு இறப்புகளும் அரசாங்கப் பதிவுக்குள் கொண்டுவரப்பட்டன. 1880ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் ஆணை இம்முறையை ஒழுங்குபடுத்தியது. இப்பதிவேட்டையே புதுவை மக்கள் இன்றும் ‘எத்தா சிவில்’ என்றும், அது இருந்த நகராட்சியை ‘மேரி’ என்றும் வழங்குகின்றனர்.

பிரெஞ்சுப் பதிவு, ஒரு வரியில் முடிவதன்று. அது ஒரு சிறு பத்திரம் போன்றது. எந்த நாள், எந்த மணி, வந்து தெரிவித்தவர் யார், அவருடைய வயது என்ன, தொழில் என்ன, தாய் தந்தையர் யாவர், சாட்சிகள் யாவர் என்பன அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். சாட்சிகளிற் பலர் தமிழிலேயே கையெழுத்திட்டிருப்பர். ஆண்டின் முடிவில் பெயர் அகராதி ஒன்று சேர்ப்பர். பத்தாண்டுக்கு ஒருமுறை பொது அகராதியும் எழுதுவர். ஆகவே தேடுவோர் முதலில் அகராதியைக் கேட்க வேண்டும்; ஏட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டுவதில்லை.

அகராதியில் ஒரு தடை உண்டு. நம் பெயர்களைப் பிரெஞ்சு ஒலிமுறைப்படி எழுதினர். ‘உ’ என்னும் ஒலிக்கு ஆங்கிலத்தில் ஓரெழுத்துப் போதும். பிரெஞ்சில் ‘ஓ’, ‘யூ’ என்னும் ஈரெழுத்துகளைச் சேர்த்து எழுதுவர். ராமசாமி போன்ற பெயர்களின் இடையில் வரும் ‘ச’கரத்திற்கு ‘எஸ்’ எழுத்தை இரட்டிப்பர். ஆகவே ஆங்கில எழுத்து முறையை மனத்திற் கொண்டு தேடினால் பெயர் அகப்படாது. 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஆணையின்படி சொந்தச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பத்தார் புதிய குடும்பப் பெயரும் சூடிக்கொண்டனர். அவர்களைப் பாட்டனார் பெயரால் தேடினால் ஒரு தலைமுறைக்கு மேல் கிடைக்க மாட்டார்கள். எந்தப் புதுப்பெயர் ஏற்றனர் என்பதைக் குடும்பத்தாரிடம் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

நம் மூதாட்டியின் பதிவும் இவ்வாறே முதலில் அகப்படவில்லை. வீட்டில் அழைத்த பெயர் ஒன்று. பாட்டியாரின் நினைவாக ஏட்டில் எழுதிய பெயர் மற்றொன்று. தந்தையின் பெயரையும் 1949 ஜூலை இறுதி வாரத்தையும் கொண்டு தேடியபோது பதிவு கிடைத்தது. தெரிவித்தவர் தாய்மாமன், தொழில், நெசவு. குழந்தையின் பெயர் மாறினும் தாய் தந்தையர் பெயர் மாறுவதில்லை. இதை நன்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

பிரெஞ்சு முறையில் மற்றொரு சிறப்பும் உண்டு. குடியேற்ற நாடுகளின் பதிவுகளுக்கு ஒரு படியெடுத்துப் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்று 1776ஆம் ஆண்டு ஜூன் மாதம் அரசாணை பிறந்தது. வெர்சாய் நகரில் அதற்கென ஒரு காப்பகம் அமைந்தது. கடலரித்தாலும் கரையான் அரித்தாலும் கடலுக்கப்பால் ஒரு படி இருக்கும் என்பதே அதன் கருத்து. அப்படிகள் இன்று பிரான்சின் தென்பகுதியிலுள்ள எக்ஸ்-ஆன்-புரோவான்சு நகரக் காப்பகத்தில் உள்ளன. நூறாண்டுக்கு முற்பட்ட புதுவைப் பதிவுகள் பலவற்றை அக்காப்பகம் கட்டணமின்றி இணையத்தில் வைத்துள்ளது. பூட்டனார் காலத்தைத் தேடுவோர் புதுவைக்குச் செல்லுமுன் ஊர் நூலகத்துக் கணிப்பொறியிலேயே பார்த்துவிடலாம். பிற்காலப் பதிவுகளுக்கு உரிய நகராட்சியையோ கொம்யூன் பஞ்சாயத்தையோ அணுக வேண்டும். பிரெஞ்சு ஆட்சிக்கால அரசாங்கத் தாள்கள் பலவற்றை இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரிக் கிளையிலும் காணலாம்.

தமிழ்நாட்டுக் கிராம ஏடுகள்

எல்லைக்கு வடக்கே முறை வேறு. சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டு மூன்றாம் சட்டம் பிறப்பு இறப்புப் பதிவுக்கு வழி செய்தது. கிராமங்களில் மணியக்காரர் என்னும் கிராம முனிசீப்பே அதை எழுதினார். பழைய ஏடுகளில் ‘ஜனன மரண ரிஜிஸ்தர்’ என்று தலைப்பிட்டிருக்கும். கிராமக் கணக்குகளின் வரிசையில் இது பத்தொன்பதாம் எண் கணக்காகும். 1980ஆம் ஆண்டு நவம்பரில் பரம்பரை முறையில் வந்த மணியம், கர்ணம் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அதன் பின் கிராம நிர்வாக அலுவலர்கள் அப்பணியை ஏற்றனர்.

கிராமப் பதிவு பிரெஞ்சுப் பத்திரம் போல் விரிவாக இராது. கட்டங்களில் எழுதிய ஒரு வரியே இருக்கும். பிறப்பு ஏட்டில் பெயர்க் கட்டம் பெரும்பாலும் வெறுமையாக, ‘ஆண்’ என்றோ ‘பெண்’ என்றோ மட்டும் காணப்படும். பெயர் வைக்குமுன்னரே பிறப்பைத் தெரிவித்துவிடுவது இதன் காரணம். எனவே இங்கும் தந்தையின் பெயரையும் நாளையும் கொண்டே தேடுதல் வேண்டும்.

பழைய ஏடுகளைக் கிராம நிர்வாக அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம் ஆகிய மூன்றிடங்களிலும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஏடு எழுதி முடிந்தபின் காப்புக்காக இடம் மாறியிருக்கலாம். ஓரிடத்தில் ‘இல்லை’ எனில் அது மற்ற இரண்டு இடங்களுக்கும் விடையாகாது. வட்டமும் மாவட்டமும் மாறியதையும் மறத்தலாகாது. 1963ஆம் ஆண்டில் மரக்காணம், கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தின் திண்டிவனம் வட்டத்தில் இருந்தது. 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. இன்று மரக்காணமே ஒரு வட்டம். கோட்டக்குப்பமும் பேரூராட்சியாயிருந்து 2021இல் நகராட்சியானது. விண்ணப்பத்தில் அன்றைய வட்டத்தின் பெயரையும் இன்றைய வட்டத்தின் பெயரையும் சேர்த்து எழுதுவது நலம்.

ஏட்டில் தேடச் சொல்லிக் கேட்பதற்கும் அதன் சான்றுபெற்ற நகலைப் பெறுவதற்கும் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு எவருக்கும் உரிமை அளிக்கின்றது. இது சலுகையன்று, கட்டணம் செலுத்திப் பெறும் உரிமை. ஆயினும் இறப்புப் பதிவின் நகலில் இறப்பின் காரணத்தைக் காட்டுவதில்லை என்பதையும் அப்பிரிவே கூறுகின்றது.

மணப் பதிவுகள்

மூன்றினும் கடினமானது மணப் பதிவே. முதலியார்சாவடியில் 1968ஆம் ஆண்டு ஊரார் முன் தாலி கட்டி நடந்த திருமணத்தை எந்த அரசாங்க ஏட்டிலும் தேடிக் காண இயலாது. அதை எழுத வேண்டும் என்ற கட்டாயம் அன்று இல்லை. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பின்னரே எல்லாச் சமயத்தாரின் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. நடந்த நாளிலிருந்து தொண்ணூறு நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும்.

அதற்கு முற்பட்ட மணங்களுக்குச் சமய நிலையங்களின் ஏடுகளே துணை. கிறிஸ்தவர்களுக்குக் கோயிற் பதிவேடு உண்டு. 1872ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ மணச் சட்டத்தின்படி அப்பதிவுகளின் படி அரசாங்கத்திற்கும் அனுப்பப்பட்டது. முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசலின் நிக்காஹ் தப்தர் உண்டு. இந்துக்களுக்குப் பெரும்பாலும் இவ்வகை ஏடு இல்லை. மஞ்சள் தடவிய மணப் பத்திரிகை, மொய் எழுதிய நோட்டு, மணத்திற்குப் பின் கணவர் பெயருடன் வந்த வாக்காளர் பட்டியல், பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்த்த பதிவு ஆகியவற்றைச் சேர்த்துக் காட்டியே மெய்ப்பிக்க வேண்டும். நம் மூதாட்டிக்கு உதவியது மொய் நோட்டு. தம்பி என்ற முறையில் அவருடைய உடன்பிறந்தான் முதல் வரியில் எழுதிய தொகை ஐந்து ரூபாய். வழக்கிட்டவருடைய தந்தையே மணத்திற்குச் சாட்சியானார்!

கடல் கடந்தோர்

இத்தேடல் நம் ஊர்களோடு நிற்பதன்று. 1860ஆம் ஆண்டு முதல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கும், அதற்கு முன்பிருந்தே மொரீசியசுக்கும், புதுவை, காரைக்கால் துறைகளிலிருந்து ரீயூனியன் தீவுக்கும் நம்மவர் கூலிகளாய்ச் சென்றனர். நேட்டாலுக்குச் சென்ற கப்பல்களின் பட்டியல்களில் ஒவ்வொருவர் பெயருடனும் தந்தை பெயர், கிராமம், வட்டம் ஆகியவை எழுதப்பட்டன. மொரீசியசில் குடியேறியோர் ஏடுகளை மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் காத்து வருகின்றது. இலங்கையில் உலாந்தர் காலத்துத் தோம்பு ஏடுகள் ஊர்தோறும் குடும்பங்களைக் குறித்து வைத்தன. அங்கிருந்து பேரர்கள் தங்கள் ஊர்ப் பெயர் எழுதிய தாளுடன் நம் கிராமங்களுக்கு வருவார்களாயின், எந்த அலுவலகத்தை அணுக வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவரேனும் இருத்தல் வேண்டும்.

உண்மையிலேயே பதிவில்லாவிடின்

எல்லா இடங்களிலும் தேடியும் கிடைக்கவில்லை எனில், பதிவில்லை என்னும் சான்றை எழுத்தில் பெற்றுக்கொண்டு, காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். நிகழ்ச்சி நடந்து ஓராண்டுக்கு மேற்பட்டிருப்பின், 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மாவட்ட நடுவரோ, கோட்ட நடுவரோ, மாவட்ட நடுவர் அதிகாரம் அளித்த நிர்வாக நடுவரோ விசாரித்து உத்தரவிட வேண்டும். இவ்விண்ணப்பமும் நிகழ்ச்சி நடந்த இடத்திற்குரிய அலுவலகத்திலேயே தரப்பட வேண்டும். இதற்கு இடைத்தரகர் வேண்டுவதில்லை.

கடலிற் சென்று திரும்பாத மீனவரின் குடும்பத்தாருக்குத் துன்பம் இன்னும் பெரிது. உடல் கிடைக்காதபோது இறப்பைப் பதிவதற்கு வழி எளிதாய் இராது. ஏழாண்டுகள் வரை ஒருவரைப் பற்றி, அறிந்திருக்க வேண்டியவர் எவரும் ஒன்றும் கேள்விப்படாதிருப்பின், அவர் இறந்தவராகக் கொள்ளப்படுவார் என்பது சாட்சியச் சட்டத்தின் விதி. ஆகவே படகு திரும்பாத நாளிலேயே காவல் நிலையத்திலும் மீன்வளத் துறை அலுவலகத்திலும் எழுத்து மூலம் தெரிவித்து, அதன் நகலைப் பத்திரப்படுத்துவது இன்றியமையாதது. அந்த ஒரு தாளே பின்னாளில் காலக்கணக்குக்குத் தொடக்கமாகும்.

மரக்காணத்து ஏட்டில் ஒரு வரி

மூதாட்டியின் தந்தையாருடைய பதிவு இறுதியிற் கிடைத்தது. 1963ஆம் ஆண்டு மே மாதம்; ஏடு மரக்காணத்தினுடையது; தொழில், உப்புக் கூலி. ஊர்க் கட்டத்தில் முதலியார்சாவடி என்று எழுதியிருந்தது. தம்பி மகன் அதைக் கண்டபின் மறுப்புரைக்கவில்லை. பேச்சு, பங்குண்டா என்பதை விட்டு, பங்கு எவ்வளவு என்பதற்கு வந்தது. அது வீட்டுப் பெரியவர்கள் தீர்த்துக்கொள்ளக்கூடிய பேச்சு.

மூதாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நகலை நாம் படித்துச் சொன்னோம். மனையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. “தெரிவித்தவர் என்று யார் பேரோ படித்தீர்களே, அதை மறுபடி படியுங்கள்” என்றார். படித்தோம். அன்று வண்டி ஓட்டிவந்த உப்பளத் தோழர் அவர். சாவைக் கொண்டுவந்து வீட்டிற் சேர்ப்பதற்கு முன், மணியக்காரரிடம் போய் எழுதிவைத்துவிட்டுத்தான் அவர் புறப்பட்டிருக்கின்றார். அறுபதாண்டுக்குப் பின் ஒரு மகளின் உரிமையைக் காத்தது அந்தக் கூலியாள் அன்று செலவிட்ட அரை நாழிகை.

இன்று நம் கடமையும் அதுவே. பிறப்பாயினும் இறப்பாயினும் இருபத்தொரு நாட்களுக்குள் தெரிவித்தால் கட்டணமில்லை. தெரிவித்தவருக்கு முதல் நகலும் இலவசம். பெயரின்றிப் பதிந்த குழந்தைக்கு ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், பதினைந்து ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயர் சேர்க்கலாம். 2023ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், அரசுப் பணி முதலியவற்றுக்கெல்லாம் பிறந்த நாளையும் இடத்தையும் காட்டும் சான்று பிறப்புச் சான்றிதழ் ஒன்றே என்று சட்டம் ஆகிவிட்டது. இனிக் காதைத் தொட்டுக் காட்டி வயதை மெய்ப்பிக்க இயலாது.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, யார், எந்த நாளில், எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் பிறந்தார், மணந்தார், இறந்தார் என்பதையும், பதிவு எண்ணையும் எழுதி வருதல் வேண்டும். முதியோரிடம் கேட்க வேண்டியவற்றை இவ்வாரமே கேட்டு எழுதிவிடுக. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் 2011ஆம் ஆண்டின் தானே புயலையும் கண்ட கடற்கரை இது. அந்த நோட்டுக்கும் ஒரு படியெடுத்து, உறவினர் வீடொன்றில் வைத்திருப்பது நலம்.